வலப்பக்கத்து மெடல்கள்

"அந்த வெள்ளைத்தாடி பட்டாளத்து ஆளே இல்ல கேப்டன். நான் அடிச்சுச் சொல்றேன்."

பெட்ரோல் பங்க்கில் ஒரு பைக்கின் செயினுக்கு எண்ணெய் விட்டபடியே சொன்னான் மெக்கானிக்.

முன்னாள் படைவீரர்களைக் கௌரவிக்க, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பதினான்கு பைக்குகளும், பழுதான வண்டியை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு வேனும் கிளம்பி ஆறு நாளாகிறது. வழியிலுள்ள வீரர்கள் இல்லங்களில் இறங்கிப் பெரியவர்களுக்குக் கைகொடுத்துவிட்டுப் போவார்கள். போரில் இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த சுவருக்கு முன்னால் போய் நிற்பதோடு பயணம் முடியும்.

ஓட்டுகிறவர்களில் கடைக்காரர், வாத்தியார், வக்கீல் எல்லாரும் உண்டு. பட்டாளத்துக்காரர் என்று பேர் கேப்டன் ஒருவருக்குத்தான். எந்தப் படை, எந்த வருஷம் என்று யாரும் கேட்டதில்லை. நெஞ்சில் மூன்று மெடல் ஆடுகிற ஆளிடம் போய் யார் கேட்பது?

வெள்ளைத்தாடிக்காரர் இந்த வருஷம்தான் சேர்ந்தார். அவர் கோட்டிலும் இரண்டு மெடல்கள்.

"எதை வச்சுச் சொல்றே?" என்றார் கேப்டன்.

"உங்க மெடல் எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம்."

"அவரோடது?"

கேப்டன் திரும்பிப் பார்த்தார். தாடிக்காரர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். மெடல்கள் வலது பக்கம் தொங்கின.

"சொந்தமா வாங்கினவருக்கு எந்தப் பக்கம்னு தெரியாதா? ஏதோ பழைய சாமான் கடையில பிடிச்சிருக்கார். நேத்து 'எந்தப் படைங்க'ன்னு கேட்டேன். 'நான் தையல்காரன் தம்பி'ன்னு சொல்லிட்டு நைசா நழுவிட்டார்."

கேப்டனின் முகம் இறுகியது. "அடுத்த இல்லத்துல நிஜமா சண்டை போட்ட பெரியவங்க இருக்காங்க. இந்த ஆளை உள்ள விட்டா நம்ம எல்லாருக்கும் அசிங்கம். வேன்ல இடம் பண்ணி வை."

மெக்கானிக் கயிற்றை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டான்.

மாலை நான்கு மணிக்கு இல்லத்தின் வாசலில் பைக்குகள் நின்றன. கேப்டன் நேராகத் தாடிக்காரரிடம் போனார்.

"ஐயா, அந்த மெடலைக் கழட்டுங்க."

"ஏங்க?"

"கழட்டினா உள்ள வரலாம். இல்லன்னா உங்க வண்டி வேன்ல ஏறும், நீங்க பஸ் ஏறி ஊருக்குப் போய்ச் சேருங்க."

தாடிக்காரர் மெடல்களை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "இன்னும் அஞ்சு நாள்தானேங்க. அந்தச் சுவரு வரைக்கும் வந்துட்டுப் போயிடறேன். யாருக்கும் தொந்தரவு தர மாட்டேன்."

"வேஷம் போட்டுக்கிட்டு அந்தச் சுவருகிட்ட வரலாமா?"

மற்றவர்கள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மெக்கானிக் வேனின் பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்தான். சொன்னது தான்தான் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்போதுதான் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு ஒரு கிழவர் வாசலுக்கு வந்தார். ஒரு கால் இல்லை. தாடிக்காரரின் வலப்பக்கத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"பையனா?"

"ஆமாங்க. ஒரே பையன். அந்தச் சுவத்துல பேரு இருக்குன்னு லெட்டர் வந்தது. இன்னும் பார்க்கல."

கேப்டன் ஒன்றும் புரியாமல் நின்றார். கிழவர் அவரைப் பார்த்துச் சொன்னார்:

"தானே வாங்கினவன் இடது பக்கம் குத்திக்குவான். செத்துப் போனவனோட மெடலை வீட்டு ஆளுங்க வலது பக்கம்தான் குத்திக்கணும். நேத்து சேர்ந்த சிப்பாய்க்குக்கூட இது தெரியுமேப்பா." அவர் பார்வை கேப்டனின் மூன்று மெடல்களில் வந்து நின்றது. "நீ எந்தப் படை?"

"வண்டியை ஓரமா நிறுத்திட்டு வந்துடறேன்," என்றார் கேப்டன். வண்டி ஓரமாகத்தான் நின்றிருந்தது.

மெக்கானிக் பலகையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினான். தாடிக்காரரிடம் போனான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேங்க."

"எந்தப் படைன்னுதானே கேட்டே தம்பி? யாரோட மெடல்னு கேட்கலையே."

அவனுக்குச் சுருக்கென்றது. இரவு அந்த இல்லத்திலேயே படுக்கப் போகும்வரை ஒரே கேள்விதான் மண்டைக்குள் குடைந்தது. நேற்று சேர்ந்த சிப்பாய்க்கே தெரிந்தது கேப்டனுக்கு எப்படித் தெரியாமல் போனது? ஆனால் ஒருத்தரைச் சந்தேகப்பட்டு வாங்கிக்கட்டிக்கொண்ட அன்றைக்கே இன்னொருத்தரைச் சந்தேகப்பட அவனுக்கு மனசு வரவில்லை.

காலையில் பைக்குகளைச் சரிபார்க்க வந்தான். வாசல் படியில் தாடிக்காரர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். மடியில் கேப்டனின் கோட்டு. அதன் இடது பக்கத்தில் வருஷக்கணக்காகக் குத்திக் குத்திப் பெரிதாகிப்போன மூன்று ஊசி ஓட்டைகளை, தைத்த தடமே தெரியாதபடி மூடிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் கேப்டன், குளிரில் வெறும் சட்டையோடு, தலைகுனிந்து நின்றிருந்தார்.

கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார் தையல்காரர். கோட்டைத் திருப்பிப்போட்டு, மெடல்களை ஒவ்வொன்றாக வலது பக்கம் குத்தினார். "உங்களுக்கு யாருங்க?" என்றார்.

"அண்ணன்," என்றார் கேப்டன்.