ரெடிமேடுக்கு எதிராக ஒன்பது கை

“அடுத்தவன் பல் தேய்ச்ச பிரஷ்ஷை எடுத்து வாயில வைப்பீங்களா, வீப்கே?”

கெர்னோட் கேட்டதும் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் லினக்ஸ் சங்கமே குலுங்கிச் சிரித்தது. சங்கம் என்றால், மதுக்கடையின் பின்னறையில் கூடியிருந்த பதினோரு பேர்.

வீப்கேவுக்குக் காது சிவந்தது.

அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. கணினியை இயக்கும் லினக்ஸில் பல வகை உண்டு; இவர்கள் கொண்டாடும் வகையில் எந்த மென்பொருளும் தயாராக வராது. மூல நிரலை இறக்கி, அவரவர் கணினியில் அவரவரே கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றிக்கொள்ள வேண்டும். புது மெஷினிலேயே அரைநாள் போய்விடும். பழைய லேப்டாப்பில் பிரவுசர் ஒன்றுக்கே இரண்டு நாள். சங்கத்தின் சர்வரில் ஒரே தடவை கம்பைல் செய்து வைத்தால் எல்லாரும் அப்படியே இறக்கிக்கொள்ளலாமே என்றாள். இறக்குவது யார் என்று பெயர் கேட்காமல் மூன்று மாதம் சோதனைக்கு நடத்தியும் காட்டியிருந்தாள்.

“நான் அகதிங்களுக்கு ஜெர்மன் சொல்லித்தர்ற வகுப்புல எட்டு லேப்டாப் இருக்கு. எல்லாம் பன்னெண்டு வருஷப் பழசு. அதுங்க ரெண்டு நாள் கம்பைல் பண்ணிட்டிருந்தா அவங்க எப்பப் படிக்கிறது?”

“காத்திருக்கட்டும். பொறுமையும் ஒரு படிப்புதான்.” கெர்னோட் ஒரு வாய் பீர் குடித்தார். “என் மெஷினுக்கு ஏத்த மாதிரி எல்லாத்தையும் நானே கம்பைல் பண்றேன். மூணு சதவீதம் வேகம் கூடுது, தெரியுமா?”

“அரைநாள் ஃபேன் அலறினப்புறம் மூணு சதவீதமா?”

“அருமை தெரிஞ்சவனுக்குத்தான் புரியும்மா. ரெடிமேட் வேணும்னா வேற லினக்ஸுக்குப் போயிடுங்க. இங்க மானம்னு ஒண்ணு இருக்கு.”

எல்லாரும் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள். இருபது வருடமாக ரெடிமேடைத் தொட்டே பார்க்காத மகான் என்று அவருக்குச் சங்கத்தில் பெயர். அவருக்கு எதிரே கை தூக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

செயலாளர் எனோ கைகளை எண்ணினார். எதிராக ஒன்பது. ஆதரவாக வீப்கேயும், அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்த ஒருவரும். பாவம், அவருக்கு இன்னும் விவரம் போதாது.

“சரி, தீர்மானம் தீர்மானம்தான். வீட்டுக்குப் போனதும் சர்வர்ல இருக்கிறதையெல்லாம் அழிச்சிடறேன்” என்றாள் வீப்கே. நாளைக்கு வகுப்பில் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

வெளியே தூறல். சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது பின்னால் காலடிச் சத்தம். கெர்னோட்தான்.

மனசு கேட்காமல் சமாதானம் சொல்ல வந்திருக்கிறார் போல. பரவாயில்லை, நல்ல மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பின்னறை ஜன்னலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஞாயித்துக்கிழமை அழிச்சா போதாதாம்மா? என் லேப்டாப்ல இன்னும் பாதி இறங்கலை.”