ஆஸ்பத்திரி வரைக்கும்

காலையிலிருந்தே அர்த்தநாரிக்கு நெஞ்சு வலித்தது. லாரி ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அது நாடி பார்த்துவிடும். கோளாறு என்று தெரிந்தால் லைசென்ஸ் அன்றோடு போச்சு.

“மாப்ள, இன்னிக்கு என் முறையையும் நீயே ஓட்டிடேன்.”

“ஏன் மாமா, ஜமீன்தார் ஆயிட்டியா?” சிரித்தபடியே சடையப்பன் முன்சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். இருபது வருடமாக இருவருக்கும் ஒரே லாரி. “நம்ம கை இரும்பு. பாரு, பச்சை எரியும்.” ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

சிவப்பு எரிந்தது.

“மாரடைப்பு தொடங்கிவிட்டது. ஓட்ட அனுமதி இல்லை” என்றது ஸ்டீயரிங்கின் பெண் குரல்.

“பொய் சொல்லுது மாமா...” என்ற சடையப்பனின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

மலைப்பாதை. ஆம்புலன்ஸ் ஏறி வர முக்கால் மணி நேரமாகும். ஆஸ்பத்திரி மலையடிவாரத்தில்தான்; இவர்களே இறங்கினால் பாதி நேரம் மிச்சம்.

அர்த்தநாரி நண்பரைப் பக்கத்து இருக்கைக்கு நகர்த்தினார்.

“வேண்டாம் மாமா. நீ ஏன் ஸ்டீயரிங்கைத் தொடலேன்னு எனக்குத் தெரியாதா? உன் பொண்ணு கல்யாணம் வரைக்குமாவது ஓட்டணும்னியே...”

“வாயை மூடிட்டு உக்காரு மாப்ள.”

இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தார். ஸ்டீயரிங் யோசித்தது. மஞ்சள் எரிந்தது.

“உங்கள் இதயமும் சரியில்லை. அவசரம் என்பதால் ஆஸ்பத்திரி வரை மட்டும் மெதுவாக ஓட்டலாம். சேர்ந்ததும் உங்கள் லைசென்ஸ் ரத்து.”

“அவ்வளவு தூரம் போதும் தாயி” என்றார் அர்த்தநாரி.

எலுமிச்சம்பழங்கள் நசுங்க, லாரி நகர்ந்தது.