கார் ஓடும்போது பேசு

“அந்த ரிமோட் காரைக் கொஞ்சம் ஓட்டுங்க, பேசணும்” என்றாள் மனைவி.

அவன் விசையை அழுத்தினான். கார் அப்பாவின் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

“ஞாயித்துக்கிழமை உங்கப்பாவை முதியோர் இல்லத்துல சேத்துடுவோம். டூர்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.”

“மெதுவாப் பேசேன்.”

“மோட்டார் ஓடினா அவர் காது மிஷின்ல கொர்ருனு ஒரே இரைச்சல்தானே! நாம பேசறது எங்க கேக்கப் போகுது? ஆமா, கார் இன்னைக்கு முட்டி மோதாம ஓடுதே?”

அவன் முகம் மலர்ந்தது. “அந்த இரைச்சல்தான் ரிமோட் சிக்னலையும் கெடுத்துச்சு. காலையிலதான் மோட்டார்ல கெபாசிட்டர் வெச்சுப் பத்தவெச்சேன். இப்ப இரைச்சல் சுத்தமா...”

சொல்லும்போதே அவன் சட்டென்று அப்பாவின் பக்கம் திரும்பினான்.

“டூருக்கு எந்தப் பெட்டியை எடுத்துக்கட்டும்ப்பா?” என்றார் அப்பா.