கழுத்து துவண்ட கோழிகள்

"டெல்மர் மட்டுமில்ல, அவன் மகனும் கூட வந்திருக்கான். காலையில ரெண்டு பேரும் வேலிக்கிட்ட நின்னதை என் கண்ணால பார்த்தேன்" என்றார் ஹால்வர். பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த அவர் மடியில் மான் வேட்டைத் துப்பாக்கி கிடந்தது.

"நான் டெல்மரை மட்டும்தான் பார்த்தேன், ஹால்" என்றாள் அவர் மனைவி ஆர்டிஸ். "முதல்ல அதைக் கொண்டுபோய் உள்ளே வை."

அவர் காதில் வாங்கவில்லை. கூண்டைச் சுற்றிப் புல்லில் அவருடைய கோழிகள் கிடந்தன. பாதி செத்துவிட்டன. மீதி உயிர் இருந்தும் கழுத்தைத் தூக்க முடியாமல் அலகை மண்ணில் ஊன்றிக் கிடந்தன. காயம் இல்லை, ரத்தம் இல்லை.

இது பக்கத்துப் பண்ணை டெல்மரின் வேலைதான் என்பதில் ஹால்வருக்குத் துளியும் சந்தேகமில்லை. நேற்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்த ஞாயிறு விருந்தில்தான் தகராறு மூண்டது. அந்த விருந்துக்கு வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். யார் பாத்திரம் காலியாகிறது, யாருடையது அப்படியே வீடு திரும்புகிறது என்று அமெரிக்காவின் அந்த மின்னசோட்டா ஊர்ப் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வருஷக்கணக்கில் மறக்கவும் மாட்டார்கள்.

ஆர்டிஸ் வைத்தது பீன்ஸ் சாலட். போன கோடையில் தோட்டத்தில் பறித்து, கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வைத்திருந்த பீன்ஸ்.

"என்ன ஆர்டிஸ், உங்க வீட்டு மாடு மிச்சம் வச்சதா?" என்று டெல்மர் கேட்டுவைக்க, தட்டோடு நின்ற வரிசையே சிரித்துவிட்டது. சிரித்த பிறகு யார் அந்தக் கிண்ணத்தில் கரண்டியை விடுவார்கள்? சாப்பாடு முடிந்து வெளியே வந்ததும் ஹால்வர் டெல்மரின் சட்டையைப் பிடித்தார். போதகர் வந்து விலக்கிவிட்டார். "உன் கோழிங்க இனி என் பக்கம் வரட்டும், பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார் டெல்மர்.

ஆர்டிஸ் போன் செய்து வரவழைத்த கால்நடை மருத்துவர் மாரித் வண்டியிலிருந்து இறங்கினாள்.

"விஷம்னு எழுதிக் குடுங்க டாக்டர். போலீஸ் பார்த்துக்கட்டும். இல்லன்னா நான் பார்த்துக்கறேன்." கோபத்தில் ஹால்வருக்கு வார்த்தைகள் குழறின.

மாரித் ஒரு கோழியைத் தூக்கினாள். கழுத்து ஈரத்துணி போலத் தொங்கியது. கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள், இரைப்பையைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"விஷம்தான்" என்றாள்.

ஹால்வர் துப்பாக்கியோடு எழப் பார்த்தார்.

"உட்காருங்க. இது யாரும் வச்ச விஷம் இல்ல, தானா விளைஞ்சது. நேத்து இதுங்களுக்கு என்ன போட்டீங்க?"

"மிஞ்சின சாலட்தான்" என்றாள் ஆர்டிஸ். "குப்பையில கொட்ட மனசு வரல. நல்ல பீன்ஸ் டாக்டர். கெட்ட வாடையே இல்ல."

"ஜாடியில எப்படி அடைச்சீங்க? பிரஷர் குக்கர்லயா?"

"அதுல ரப்பர் போயிடுச்சு. தக்காளிக்குச் செய்யற மாதிரி அண்டாவுல ஜாடிங்களைக் கொதிக்க வச்சு எடுத்துட்டேன்."

மாரித் கோழியைக் கீழே வைத்தாள். "தக்காளிக்குப் புளிப்பு இருக்கு, அது காப்பாத்திடும். பீன்ஸுக்கு அது இல்ல. மண்ணுல இருக்கற ஒரு பாக்டீரியா, வெறும் கொதிதண்ணிக்கெல்லாம் சாகாது. விதை மாதிரி சுருண்டு கிடக்கும். காத்தே இல்லாத ஜாடி கிடைச்சா அதுக்குக் கொண்டாட்டம். உள்ளேயே பெருகி விஷத்தைக் கக்கும். வாடை வரணும்னு அவசியமில்ல, ருசியும் காட்டிக் குடுக்காது. திறந்ததும் பத்து நிமிஷம் கொதிக்க விட்டிருந்தா விஷம் முறிஞ்சிருக்கும்."

"சாலட்டை யாராவது கொதிக்க வைப்பாங்களா?" என்றாள் ஆர்டிஸ். குரல் அடங்கிப்போயிருந்தது.

"இப்ப யோசிச்சுச் சொல்லுங்க. விருந்துல இதை யார் யார் சாப்பிட்டாங்க? மனுஷங்ககிட்ட இது வேலையைக் காட்ட ஒரு நாள்கூட ஆகும். முதல்ல கண்ணு, ஒண்ணு ரெண்டாத் தெரியும். அப்புறம் நாக்கு. கடைசியில மூச்சு."

ஆர்டிஸின் கண் முன்னால் அந்த வரிசை முழுவதும் வந்து நின்றது. பாட்டுக்குழுப் பெண்கள், போதகரின் கைக்குழந்தை, பேரப்பிள்ளைகளோடு வந்த கிழவர்கள்.

"யாரும் தொடல" என்றாள். "டெல்மர் அப்படிச் சொன்னப்புறம் ஊர்ல ஒருத்தர்கூடத் தொடல."

"நீங்க?"

"அந்த அவமானத்துல எனக்குத் தண்ணிகூட இறங்கல டாக்டர்."

மாரித் கையுறைகளைக் கழற்றினாள். போன உயிர் அவளுக்கு இப்போதுதான் திரும்பி வந்தது. "போய் டெல்மருக்கு நன்றி சொல்லுங்க ஹால்வர். அந்த ஆளோட வாய்க்கொழுப்பு ஊரையே காப்பாத்தியிருக்கு."

ஹால்வர் பதில் சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. துப்பாக்கி மடியிலிருந்து சரிந்து படியில் விழுந்தது. அதை எடுக்கக் கை நீளவில்லை.

ஆர்டிஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல மாரித்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் முகம் வாடிப்போச்சேன்னு, டாக்டர்... இவர் மட்டும் ரெண்டு தட்டு சாப்பிட்டாரு."