நாலு பெயரில் ஒரு விளம்பரம்

விளம்பரத்தில் இருந்தது ஒரு முகம். பணம் போனது நாலு பெயருக்கு.

வவுனியா இறைவரி அலுவலகத்தில் பதினேழு வருடம் கழித்த பிரேமிளாவுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

படத்தில் இருந்தவள் யதுர்ஷிகா. கண்டாவளை ஊர்ப் பிள்ளை, பல்கலைக்கழக மாணவி. நாலு பேர் கோல் மாற்றி ஓடும் போன வருட அஞ்சலோட்ட இறுதிப் போட்டியில், மூன்றாவது இடத்தில் வந்த கோலை வாங்கிக்கொண்டு ஓடி முதலாவதாக முடித்தவள். அதைப் பார்த்த ஒரு சப்பாத்துக் கொம்பனி அவளை விளம்பரத்தில் போட்டு இருபது லட்சம் கொடுத்திருந்தது.

ஒருத்தி பெயரில் வந்திருந்தால் அந்தத் தொகைக்கு வருமான வரி உண்டு. ஓடிய நாலு பேருக்கும் ஆளுக்கு ஐந்து லட்சமாகப் பிரித்துப் போட்டால் வரி வரம்புக்குள் அடங்கிவிடும், ஒரு சதமும் கட்ட வேண்டாம். மனைவி பெயரிலும் மச்சான் பெயரிலும் வருமானத்தைப் பிரித்துக் காட்டும் முதலாளிமாரை பிரேமிளா நிறையப் பார்த்தவள். படிக்கிற பிள்ளைகளுமா என்றுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

நாலு பேரையும் வங்கிப் புத்தகங்களோடு வரச் சொல்லிக் கடிதம் போட்டாள். மற்ற மூவருக்கும் அன்று பரீட்சை என்று யதுர்ஷிகா மட்டும் நாலு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உம்மட படம்தானே போட்டிருக்கு. மற்ற மூண்டு பேருக்கும் என்னத்துக்குக் காசு?"

"நாலு பேர் ஓடின ஓட்டம், மிஸ். கொம்பனிக்குக் கடைசியா ஓடினவளின்ர முகம் மட்டும் போதுமாம். ஒப்பந்தத்தில நாலு பேரும் இருந்தால்தான் கையெழுத்து வைப்பன் எண்டு சொன்னனான்."

நன்றாகப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தபடி பிரேமிளா மற்ற மூவரின் புத்தகங்களில் முதலாவதைத் திறந்தாள். ஐந்து லட்சம் வந்த மறுநாளே ஒரு லட்சம் எடுக்கப்பட்டிருந்தது. அடுத்த புத்தகத்திலும் அதே நாள், அதே தொகை. மூன்றாவதிலும் அப்படியே.

ஆள் அகப்பட்டுவிட்டாள்.

"இது மூண்டும் உமக்குத் திருப்பித் தந்த காசுதானே?"

யதுர்ஷிகா தன் புத்தகத்தை நீட்டினாள். திரும்பி வந்த காசு எதுவும் அதில் இல்லை. அதிலிருந்தும் அதே நாள் ஒரு லட்சம் எடுக்கப்பட்டிருந்தது.

"அப்ப இந்த நாலு லட்சமும் எங்க?"

தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அணியில் சுகந்தினி என்று ஒருத்தி. தகுதிச் சுற்றை வென்று கொடுத்த அன்று முழங்காலில் சவ்வு கிழிந்து விழுந்துவிட்டாள். இறுதிப் போட்டியில் ஓடாதவளுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்று கொம்பனி மறுத்துவிட்டது. அதனால் நாலு பேரும் ஆளுக்கு ஒரு லட்சம் எடுத்து அவளிடம் கொடுத்தார்கள். ஐந்து பேருக்கும் நாலு நாலு லட்சம். அவளுடைய பங்கு சத்திரசிகிச்சைக்குப் போனது.

பிரேமிளா கோப்பிலிருந்த ஒப்பந்தத்தை இன்னொரு தடவை வாசித்தாள். நாலு கையெழுத்தும் சரியாக இருந்தன. வரி எதுவும் இல்லை என்று எழுதிக் கோப்பை மூடினாள்.

"இப்ப அந்தப் பிள்ளைக்கு எப்பிடி?"

யதுர்ஷிகாவின் முகம் மலர்ந்தது.

"நல்லா ஓடுறாள், மிஸ். எங்கள் எல்லாரையும் விட வேகம். கடைசியா ஓடுறது முந்தியே அவளின்ர இடம்தான், அவள் விழுந்தபடியாலதான் என்னை இறக்கினவை. வாற மாதப் போட்டியில அவள் ஓடுவாள், நான் பழையபடி வெளியில நிண்டு கத்துவன்."