ஃபிரிட்ஜ் மூலை வில்லை

ஆய்வகத்து ஃபிரிட்ஜ் மூலையில் ஒரு மருந்து வில்லை கிடந்தது. பொட்டு அளவு காகிதம்தான். அதில் ஊறியிருந்த மருந்தை டாக்டர்கள் எழுதிக்கொடுப்பதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது.

கிருமி ஆய்வாளர் பூங்கோதை, அந்த மருந்தைப் பற்றித் தான் எழுதி, யாரும் படிக்காத பழைய கட்டுரையைப் புரட்டிவிட்டு, அந்த வில்லையை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தார். வார்டில் கிடக்கும் ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து எடுத்த கிருமிகளை அந்தத் தட்டில் பூசியிருந்தார்.

கிருமிகள் சிரித்தன. "புது மருந்து அஞ்சையும் துரத்திட்டோம். நீ யாருப்பா?"

வில்லை கூனிக் குறுகியது. "என்னைத் தெரியாதா?"

"பார்த்ததே இல்லையே!"

"அப்படியா! அப்போ என்னை எதிர்க்கவும் கத்துக்கலையே!" என்று வில்லை மெல்ல நிமிர்ந்தது.

மறுநாள் காலை அதைச் சுற்றி ஒரு கிருமிகூட முளைத்திருக்கவில்லை. பூங்கோதை அந்த வெற்று வட்டத்தை ஸ்கேல் வைத்து இரண்டு தடவை அளந்தார். பிறகு வார்டுக்குப் போன் போட்டார்.

"டாக்டர், அந்தப் பொண்ணோட கிருமி ஒரு பழைய மருந்துக்குக் கேட்குது."