குரும்பகரத்து வெளிநாட்டுக்காரர்

"போட்டோவுல உங்க இடது காது தெரியலையே. வேற எடுத்துக்கிட்டு வாங்க."

மேசைமேல் இருந்த மனுவைக் கையால் தொடாமலே சொல்லிவிட்டார் அதிகாரி சிவசுப்பிரமணியன். காரைக்காலில் வெளிநாட்டார் விவகாரம் பார்க்கும் அந்த அலுவலகத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"சார், விசா முடிஞ்சுபோச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை பிளேன். நீங்க அனுமதி எழுதிக் கொடுக்கலேன்னா ஏர்போர்ட்டுலயே பிடிச்சு நிறுத்திடுவாங்க" என்றான் மருதையன்.

"அதை விசா முடியறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

"யோசிச்சேங்க. சம்சாரத்துக்குப் பிரசவம். டாக்டரம்மா சொன்ன தேதி தள்ளிப் போயிடுச்சு. போன தடவை..." மனுவை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். "போன தடவை பொறந்த குழந்தை ஒரு பகல்தாங்க இருந்துச்சு. நான் பாரீஸ்ல இருந்தேன். தந்திதான் வந்துச்சு. இந்தத் தடவை பக்கத்துலயே இருப்பேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

அதிகாரி ஏதோ ஒரு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டது காது தெரியற போட்டோ."

மருதையன் குரும்பகரத்தில் பிறந்து, அந்த ஊர் வயல் சேற்றில் விழுந்து புரண்டு வளர்ந்தவன். காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று அவனுடைய அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தக் கையெழுத்தால் மகனுக்குப் பாரீஸில் கார்த் தொழிற்சாலை வேலை கிடைத்தது. சொந்த ஊருக்கு வர விசா எடுக்க வேண்டியதும் ஆயிற்று. இப்போது லீவும் தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பிளேனை விட்டால் அந்த வேலை இருக்காது.

மறுநாள் இரண்டு காதும் பளிச்சென்று தெரியும் போட்டோவோடு போய் நின்றான்.

"வெறும் குரும்பகரம்னு போட்டா எப்படி? தெருப் பேரு வேண்டாமா?"

தெருப் பெயரை எழுதிக்கொண்டு அதற்கடுத்த நாள் போனான். அதிகாரி நாற்காலியில் சாய்ந்தபடியே எட்டிப் பார்த்தார்.

"நீல மையா? கறுப்பு மையில எழுதிக்கிட்டு வாங்க."

ஆஸ்பத்திரியில் அல்லி வயிற்றைப் பிடித்தபடி படுத்திருந்தாள். "கையெழுத்து கிடைச்சுதா?" என்று கேட்டாள். அவன் மனுவை மடித்துப் பைக்குள் வைப்பதைப் பார்த்து, "உங்களை உள்ள போட்டுடுவாங்களா?" என்றாள்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ தூங்கு."

வெளியே வந்ததும் அல்லியின் தம்பி காத்தமுத்து அவன் காதைக் கடித்தான். "மச்சான், அந்த ஆளு வேற எதுக்கோ அடி போடுறாரு. பாரீஸ் சென்ட் ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க."

போனான். மேசைமேல், மாற்றி எழுதாத அந்த நீல மை மனுவுக்குப் பக்கத்தில், மெல்லச் சென்ட் பாட்டிலை நகர்த்தி வைத்தான். அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது.

"நூகு!" என்று பியூனைக் கூப்பிட்டார். "இதை எடுத்து இவர் பையில போடு. இன்னொரு தடவை இதை இங்க பார்த்தேன்னா கேஸ் எழுதிடுவேன். நீங்க நாளைக்கு வாங்க."

லஞ்சமும் வேண்டாம், மனுவும் வேண்டாம். இந்த மனுஷனுக்கு என்னதான் வேண்டும்? மருதையனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அவனால் அலுவலகத்துக்குப் போக முடியவில்லை. விடியும்போதே அல்லிக்கு வலி கண்டுவிட்டது. பிரசவ அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து குழந்தை வீறிட்ட குரல் கேட்டது. பெண் குழந்தை. நர்ஸ் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது, கொழுகொழுவென்று, ஊரையே கூட்டுகிற மாதிரி அழுதது. அல்லி கண்ணைத் திறந்து பார்த்தபோது அவன் அவள் பக்கத்தில் இருந்தான்.

"இருக்கீங்களா?" என்றாள்.

"இங்கதான் இருக்கேன்."

வியாழக்கிழமை காலையில் கற்கண்டுப் பொட்டலத்தோடு அலுவலகப் படி ஏறினான். மனுவைத் திருப்பி எழுத எங்கே நேரம்? பழையதையே எடுத்து வந்திருந்தான். திட்டினால் திட்டட்டும்.

"நூகு பாய், பொண்ணு பொறந்திருக்கு. வாயை இனிப்பாக்கிக்குங்க."

"மாஷா அல்லாஹ்! தாயும் புள்ளையும் சுகமா, தம்பி?" என்று கேட்ட நூகு, பொட்டலத்தோடு வேகமாக உள்ளே போனார். போன சூட்டிலேயே திரும்பி வந்தார். "உங்களை உடனே வரச் சொல்றாங்க."

அதிகாரி முதல் தடவையாகக் கையை நீட்டினார். "மனுவைக் கொடுங்க."

வாங்கினார். படிக்கக்கூட இல்லை; கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டார். "எச்சரிக்கை பண்ணி அனுப்பறதா எழுதியிருக்கேன். ஏர்போர்ட்டுல இதைக் காட்டினாப் போதும், விட்டுடுவாங்க. சாயங்காலமே மெட்ராஸுக்குக் கிளம்பிடுங்க."

மருதையனுக்குத் தலையிலிருந்து நெல் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கும்பிட்டுவிட்டு வாசல்வரை வந்தவன், மனசு கேட்காமல் திரும்பினான்.

"தப்பா நினைக்காதீங்க சார். அதே நீல மைதான். இத்தனை நாள் அலைய வெச்சதுக்கு, முதல் நாளே வாங்கியிருக்கலாமேங்க?"

சிவசுப்பிரமணியன் ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"வாங்கியிருக்கலாம். ஆனா மனு என் கைக்கு வந்துட்டா, அன்னைக்கே உங்களை ஊரை விட்டு அனுப்பணும்னு எனக்கு உத்தரவு. அனுப்பியிருந்தா, வலி வந்தப்ப அந்தப் பொண்ணு பக்கத்துல யாருங்க இருந்திருப்பா?"